வர்க்கலாவில் இருவர், குறைந்த செலவில் மூன்று இரவு: கிளம்புமுன் முடிக்க வேண்டியவை

திருவனந்தபுரத்துக்கும் கொல்லத்துக்கும் நடுவே, செம்மண் பாறை நேரே கடலுக்குள் இறங்கும் ஊர் வர்க்கலா. கிழக்குக் கடற்கரையில் சூரியன் எழுவதைப் பார்த்தே பழகிய நமக்கு, அது கடலுக்குள் இறங்குவதைக் குன்றின் மேலிருந்து பார்ப்பது பயணத்துக்குத் தக்க காட்சிதான். ஆனால் கையில் அளவான பணத்துடன் இருவராக முதன்முறை போகிறவர்கள் அங்கே அலைக்கழிவதை நான் பார்த்திருக்கிறேன். எங்களுக்கும் அந்த அலைச்சல் நேர்ந்தது. ஊர் விலை அதிகம் என்பது அதற்குக் காரணம் இல்லை. எப்போது போவது, ஊரின் எந்தப் பகுதியில் தங்குவது, எந்த அட்டையை எடுத்துப் போவது என்ற மூன்றையும் வீட்டிலேயே முடிவு செய்யாமல் கிளம்புவதால்தான் பணமும் பொழுதும் வீணாகின்றன. திருமணமானவர்கள், ஆகாதவர்கள் என இரு தரப்பினருக்கும் பயன்படும்படி இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

1. மாதத்தையும் கிழமையையும் முதலில் முடிவு செய்யுங்கள்

அறை வாடகையைத் தீர்மானிப்பது நீங்கள் போகும் நாள்தான். டிசம்பர் இருபதாம் தேதியை ஒட்டித் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை, மற்ற மாதங்களில் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் அறைக்கே இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறை மட்டும் இதற்குக் காரணம் இல்லை. டிசம்பர் 30 முதல் ஜனவரி 1 வரை, வர்க்கலாவில் உள்ள ஸ்ரீநாராயண குருவின் சிவகிரி மடத்துக்கு மஞ்சள் உடை உடுத்திய யாத்திரிகர்கள் பெருந்திரளாக வருவார்கள். ரயிலிலும் இடம் இருக்காது, ஊருக்குள் மலிவான லாட்ஜுகளும் நிரம்பிவிடும்.

நம்மில் பலர் கணக்கில் எடுக்காத இன்னொரு நாள் ஆடி அமாவாசை. மலையாள நாட்காட்டியில் அது கர்க்கடக வாவு. முன்னோர்க்குப் பலி இடுவதற்காக வர்க்கலாவின் பாபநாசம் கடற்கரையில் விடியுமுன்பே கூட்டம் திரண்டுவிடும். நீங்களும் தர்ப்பணம் செய்யப் போகிறீர்கள் என்றால் அது சரியான நாள். ஓய்வாக இருக்கப் போகிறீர்கள் என்றால் அந்த வாரத்தையே விட்டுவிடுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வாடகை மிகவும் குறையும் என்பது உண்மை. ஆனால் அலை ஏறி வந்து மணலை விழுங்கிவிடுவதால் நிற்கக்கூட இடம் இல்லாத நாட்கள் உண்டு, குன்றின் மேலுள்ள கடைகளில் பெரும்பாலானவை மூடிக் கிடக்கும், ஈரமான குன்றுப் பாறை சரியவும் செய்யும். மழையை மட்டும் பார்த்துக்கொண்டு அறைக்குள் இருக்க விரும்புகிறவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இந்தக் காலத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என் கணிப்பில், செலவைக் குறைக்க நினைக்கும் இருவருக்கு ஏற்ற காலம் பொங்கல் கூட்டம் வடிந்த ஜனவரி மூன்றாம் வாரம் முதல் மார்ச் நடுப்பகுதி வரை. அதிலும் ஞாயிறு மாலையில் நுழைந்து வியாழக்கிழமைக்குள் கிளம்பினால், சனிக்கிழமைக்குச் சொல்லும் வாடகையில் கால் பங்காவது குறைத்துக் கேட்க முடியும். மார்ச் ஆகும்போது வெயில் கடுமையாகிவிடும் என்பதால், மின்விசிறி மட்டும் உள்ள அறை பிப்ரவரி வரைக்கும்தான் தாங்கும்.

2. அடையாள அட்டை இருவருக்கும் தனித்தனியாக வேண்டும்

அதிகமானோர் சிக்குவது இந்த இடத்தில்தான். ஒருவர் அட்டையைக் காட்டினால் போதும் என்று நினைத்துப் போகிறவர்கள் உண்டு. லாட்ஜில் தங்கும் ஒவ்வொருவருடைய விவரத்தையும் அவர்கள் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். அந்த அட்டையில் முகவரியும் இருக்க வேண்டும். ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் ஆகிய நான்கில் ஒன்று வேண்டும். பான் அட்டையைப் பெரும்பாலான இடங்களில் ஏற்க மாட்டார்கள். நாங்கள் போன விடுதியில், என் மனைவி கொடுத்த பான் அட்டையை மேலாளர் முன்னும் பின்னுமாக இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, “இதில் அட்ரஸ் இல்லல்லோ சாரே” என்று சொல்லி, நீளப் பதிவேட்டின் மீது பேனாவைக் குறுக்கே வைத்துவிட்டார். கைப்பேசியில் அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரைத் திறந்து ஆதாரைக் காட்டி முடிக்கும் வரையில் பைகளோடு நின்றுகொண்டிருந்தோம். சிக்னலோ ஒரு கோட்டுக்கு மேல் வரவில்லை. ஆகவே டிஜிலாக்கர் செயலியில் ஆவணங்களை இறக்கி வைத்திருப்பதோடு, ஆளுக்கு இரண்டு நகல்களைத் தாளிலும் எடுத்துச் செல்லுங்கள்.

நகல் கொடுக்கும்போது ஆதார் எண்ணின் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட வடிவத்தையே கொடுங்கள். அதை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நகலின் குறுக்கே “வர்க்கலா அறைப் பதிவுக்கு மட்டும்” என்று எழுதித் தேதியும் போட்டுவிட்டால், அந்தத் தாளை வேறொன்றுக்குப் பயன்படுத்துவது கடினம். அசல் அட்டையை யாரிடமும் இரவு முழுக்க விட்டுவைக்காதீர்கள்.

திருமணமானவர்களுக்கு: மனைவியின் ஆதாரில் இன்னும் தந்தை பெயரும் பிறந்த வீட்டு முகவரியும் இருந்தால் அதனால் அறை மறுக்கப்பட வேண்டியதில்லை. திருமணச் சான்றிதழ் கட்டாயம் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் கோயிலை ஒட்டிய பழைய லாட்ஜுகள் சில கேட்கின்றன. சான்றிதழின் படம் ஒன்று கைப்பேசியில் இருந்தால் வாதம் அத்துடன் முடிந்துவிடும்.

திருமணமாகாதவர்களுக்கு: பதினெட்டு வயது நிறைந்த ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்குவதைத் தடைசெய்யும் சட்டம் இல்லை. கோயம்புத்தூரில் மூடி முத்திரை வைக்கப்பட்ட ஒரு விடுதி தொடர்பான வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் இதைத் தெளிவாகவே சொன்னது. ஆனால் சட்டம் தடுக்கவில்லை என்பதற்காக ஒவ்வொரு விடுதியும் கட்டாயம் அறை தரும் என்று எண்ணிவிடக் கூடாது. எங்களிடம் குடும்பங்களுக்கு மட்டுமே என்று மறுத்துவிடும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு வாசலில் நின்றுகொண்டு தீர்ப்பை எடுத்துரைப்பதால் பயன் இல்லை. பதிவு செய்யுமுன் தொலைபேசியில், “நாங்கள் இருவர், திருமணமாகவில்லை, இருவரிடமும் ஆதார் இருக்கிறது, அறை தருவீர்களா?” என்று நேரடியாகக் கேளுங்கள். தருவதாகச் சொன்னால், அதையே வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். வாசலில் படும் சங்கடத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. குன்றை ஒட்டிய பகுதிகளில் வெளிநாட்டுப் பயணிகள் வந்து பழகிவிட்டதால் இந்தக் கேள்வியை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இருவரில் ஒருவர் இலங்கை, கனடா, பிரிட்டன் போன்ற வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ‘சி’ படிவம் என்று வழக்கத்தில் சொல்லப்படும் விவரப் பதிவை இணையவழியாகச் செய்வது விடுதிக்காரரின் கடமை. சிறிய ஹோம்ஸ்டேக்கள் பலவற்றில் அதற்கான பதிவு இருக்காது. அதனால் அங்கே போனபின் கைவிரித்துவிடுவார்கள். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டின் படப் பக்கம், விசா அல்லது ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தருவது) ஆகியவற்றின் நகல்களும் வேண்டும்.

3. எந்தப் பகுதியில் தங்குவது

முன்பதிவுத் தளங்கள் எல்லாவற்றையும் வர்க்கலா என்றே காட்டும். உண்மையில் அது நான்கு வேறு ஊர்கள் போல.

குன்றின் வட பகுதி, மேலே ஹெலிகாப்டர் இறங்கும் தளமான ஹெலிபேடிலிருந்து வடக்கே நீள்வது. கடல் பார்த்த உணவகங்கள், துணிக்கடைகள், காபிக் கடைகள் எல்லாம் இங்கேதான். கடலை நேரே பார்க்கும் அறை வேண்டும் என்றால் இரட்டிப்பு விலை கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தை மிச்சப்படுத்த ஒரு வழி இருக்கிறது: குன்றின் விளிம்பிலிருந்து உள்ளே ஐந்து நிமிட நடையில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே உள்ள வீட்டு அறைகளைத் தேடுங்கள். அங்கே குளியலறையோடு சேர்ந்த, மின்விசிறி உள்ள சுத்தமான அறை 800 முதல் 1,200 ரூபாய்க்குள்ளும், ஏசி அறை 1,500 ரூபாயை ஒட்டியும் கிடைக்கும். கடலை அறையிலிருந்து பார்க்க முடியாது. ஆனால் நீங்கள் அறைக்குள்ளேயே இருக்கப் போவதில்லையே.

இன்னும் வடக்கே போனால் கருமணல் கடற்கரை, அதைத் தாண்டி ஓடயம். அமைதி விரும்புகிறவர்களுக்கு இதுவே நல்ல இடம் என்பது என் கருத்து. இரவு உணவுக்குக் குன்றின் வழியே நடந்து வர வேண்டியிருக்கும். விளக்கு இல்லாத பகுதிகள் உண்டு.

தெற்கே பாபநாசம் கடற்கரையும் ஜனார்த்தன சுவாமி கோயிலும். சைவச் சாப்பாடு, மலிவான லாட்ஜ், குடும்பங்கள், பலி இட வருகிறவர்கள் என்று இங்கே சூழலே வேறு. பெற்றோரையும் அழைத்துச் செல்கிறவர்களுக்குப் பொருந்தும்.

நான்காவது, ரயில் நிலையத்தை ஒட்டிய நகரப் பகுதி. இங்கே 600 ரூபாய்க்கும் அறை உண்டு. ஆனால் கடல் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், நாள்தோறும் போக வர ஆட்டோவுக்குக் கொடுப்பதைக் கூட்டினால் மிச்சம் ஏதும் இருக்காது. நள்ளிரவில் வந்து இறங்கும் முதல் இரவுக்கு மட்டும் இதைப் பயன்படுத்தலாம்.

4. அறையைப் பதிவு செய்யும் முறை

தளத்தில் படங்களைப் பாருங்கள், அண்மைக்கால விமர்சனங்களைப் படியுங்கள், பிறகு அந்த விடுதியைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். மூன்று இரவு தங்குவதாகச் சொன்னால் தளத்தில் காட்டும் விலையைவிடக் குறைத்துத் தருகிறவர்கள் பலர். தமிழில் பேசினால் புரிந்துகொள்வார்கள். மெதுவாகப் பேசினால் போதும்.

பணத்தை அங்கே போய்க் கொடுக்கலாம் என்ற வகையில் பதிவு செய்வது பாதுகாப்பு என்று தோன்றும். கூட்டம் மிகுந்த நாட்களில் அதுவே பொறியாகிவிடும். முன்பணம் வாங்காத அறையை, கூடுதல் வாடகை தரும் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, தண்ணீர் வரவில்லை, மோட்டார் பழுது என்று காரணம் சொல்லிவிடுவார்கள். முதல் இரவுக்கான தொகையை மட்டும் யுபிஐ வழியே முன்பணமாக அனுப்பி, தேதி, அறை வகை, மொத்த வாடகை, ரத்து செய்தால் என்ன திரும்பும் ஆகிய நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். முழுத் தொகையையும் முன்னதாகக் கொடுக்க வேண்டாம். அறையைப் பார்த்துப் பிடிக்காவிட்டால் மறுநாள் மாறிக்கொள்ளும் வாய்ப்பு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

வரி பற்றி ஒரு வார்த்தை. நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 விழுக்காடு. அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். ஜிஎஸ்டி எண் இல்லாத சிறிய வீடுகள் அந்த வரியை வாங்கவே கூடாது.

எத்தனை மணிக்கு அறையில் நுழையலாம், எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்பதையும் கேளுங்கள். நம் ஊர் லாட்ஜுகளில் உள்ள 24 மணி நேரக் கணக்கு அங்கே பல இடங்களில் கிடையாது. பகல் பன்னிரண்டுக்கு நுழைந்து மறுநாள் பதினொன்றுக்குக் காலி செய்ய வேண்டியிருக்கும்.

5. ரயில் டிக்கெட்

இறங்க வேண்டிய நிலையத்தின் பெயர் வர்க்கலா சிவகிரி. சென்னை எழும்பூரிலிருந்து இரவில் கிளம்பும் அனந்தபுரி எக்ஸ்பிரஸ், மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில், திருவனந்தபுரம் வழியாக மறுநாள் நண்பகலை ஒட்டிக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அறை கிடைக்கும் நேரத்துக்கும் அது பொருந்தி வருகிறது. சென்னை சென்ட்ரலிலிருந்து திருவனந்தபுரம் மெயில் சேலம், ஈரோடு, பாலக்காடு வழியாக முற்பகலில் சேரும். சேலம், ஈரோடு, திருப்பூர், கோவைக்காரர்களுக்குப் பெங்களூருவிலிருந்து கன்னியாகுமரி போகும் ஐலண்ட் எக்ஸ்பிரஸும் உண்டு. எழும்பூரிலிருந்து கிளம்பும் குருவாயூர் எக்ஸ்பிரஸும் வர்க்கலாவில் நிற்கும், ஆனால் நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் இறக்கிவிடும். அறைக்காரர் விழித்திருப்பார் என்று உறுதி செய்யாமல் அதில் டிக்கெட் எடுக்காதீர்கள்.

சென்னையிலிருந்து படுக்கை வகுப்பில் ஒருவருக்கு ஐந்நூறு ரூபாயை ஒட்டி ஆகும். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பு காலை எட்டு மணிக்குத் திறக்கும். அன்று ஆதாருடன் சரிபார்க்கப்பட்ட ஐஆர்சிடிசி கணக்குகளுக்கே முன்னுரிமை என்பதால், அந்த வேலையைப் பல நாட்களுக்கு முன்பே முடித்துவிடுங்கள். தட்கலுக்கு 2025 ஜூலையிலிருந்து அது கட்டாயமாகவே ஆகிவிட்டது. தட்கல், பயணத்துக்கு முந்தைய நாள் ஏசி வகுப்புகளுக்குப் பத்து மணிக்கும் மற்றவற்றுக்குப் பதினொன்றுக்கும் திறக்கும். போகும் டிக்கெட்டை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப்போடுவது பெரிய தவறு. ஞாயிறு இரவு சென்னை நோக்கி வரும் வண்டிகளில் இடம் கிடைப்பது அரிது.

நேரடி வண்டியில் இடம் இல்லாவிட்டால் திருவனந்தபுரம் வரை எது கிடைக்கிறதோ அதில் போய், அங்கிருந்து கொல்லம் நோக்கிச் செல்லும் பயணிகள் வண்டியில் ஏறுங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வர்க்கலா. டிக்கெட் மிகக் குறைவு. தென்காசி, செங்கோட்டைப் பக்கத்தார் மலைப் பாதை வழியாகக் கொல்லம் போய், அங்கிருந்து அரை மணி நேரம் தெற்கே வரலாம். பேருந்தில் வருகிறவர்கள் தேசிய நெடுஞ்சாலையில் கல்லம்பலத்தில் இறங்கி உள்ளூர்ப் பேருந்து பிடிக்க வேண்டும், ஏனென்றால் நெடுந்தூரப் பேருந்துகள் வர்க்கலாவுக்குள் வருவதில்லை.

ஒன்றை மறக்காதீர்கள். வர்க்கலாவில் பெரும்பாலான வண்டிகள் ஓரிரு நிமிடம்தான் நிற்கும். தெற்கிலிருந்து வருகிறவர்கள் கடைக்காவூர் தாண்டியதும் பைகளோடு வாசலருகே வந்துவிட வேண்டும். வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு எடவா அந்த அடையாளம்.

6. நிலையத்திலிருந்து அறைக்கு

நிலைய வாசலிலேயே ஆட்டோக்கள் நிற்கும். கேரளத்தில் முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு 30 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 15 ரூபாய், இரவு பத்து முதல் காலை ஐந்து வரை அதன் மேல் பாதி கூடுதல் என்பது 2022இல் அரசு நிர்ணயித்த கட்டணம். குன்றுக்குப் பெரும்பாலும் நூறு ரூபாய் கேட்பார்கள். வெறும் வண்டியாகத் திரும்ப வேண்டியிருப்பதைச் சொல்வார்கள். நூறு என்றால் ஏறிவிடலாம், இருநூறு என்றால் சாலைக்கு நடந்து வந்து வேறு ஆட்டோ பிடியுங்கள்.

“கிளிஃப்” என்று மட்டும் சொல்லி ஏறாதீர்கள். ஹெலிபேடா, ஓடயமா, கோயில் பக்கமா என்று சொல்லுங்கள். குன்றின் விளிம்பில் இருப்பது நடைபாதைதான், வண்டி போகாது. உங்கள் விடுதிக்குப் பின்பக்கச் சாலை இருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொண்டால், சக்கரப் பெட்டியைக் கரடுமுரடான பாதையில் இழுக்க வேண்டியிராது. ஓட்டுநர், “அந்த இடம் மூடிவிட்டார்கள், நல்ல இடம் காட்டுகிறேன்” என்று சொன்னால், அவர் முன்னாலேயே விடுதிக்கு அழைத்துப் பேசுங்கள். அவர் காட்டும் இடத்தில் அவருக்குரிய தரகும் உங்கள் வாடகையில் சேர்ந்திருக்கும்.

7. மீதிப் பணம் கொடுக்குமுன்

கதவின் உள்தாழ்ப்பாள் முழுதாக விழுகிறதா, சன்னல் கொக்கி பூட்டுகிறதா, குளியலறைச் சன்னலுக்குத் திரை உண்டா, குழாயில் தண்ணீர் உப்பாக வருகிறதா என்று பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு, கட்டிலுக்கு எதிரே உள்ள சுவர்க் கடிகாரம், புகை உணரி, கண்ணாடி ஆகியவற்றின் மீது கைப்பேசி வெளிச்சத்தை அடித்துப் பாருங்கள். படுக்கை விரிப்பு ஈரமாக இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். கடற்காற்றில் அது காயவே காயாது. கொசுவலையோ கொசுவர்த்தியோ கேட்டு வாங்குங்கள். இவ்வளவையும் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் பிறகு பணம் கொடுங்கள், ரசீதும் வாங்குங்கள்.

8. சாப்பாட்டுச் செலவு

அறைக்கு அடுத்தபடியாகப் பணம் கரைவது குன்றின் மேலுள்ள உணவகங்களில். கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு வேளை உட்கார்ந்தால் இருவருக்கு 700, 800 ரூபாய் ஆகிவிடும். அதைத் தவிர்க்கச் சொல்ல மாட்டேன்; சூரியன் இறங்கும் நேரத்துக்கு ஒரு காபியோ பழச்சாறோ அங்கே வாங்கிக்கொண்டு உட்காருங்கள், சாப்பாட்டை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஹெலிபேடுக்குப் பின்புறச் சாலையிலும் கோயில் பக்கத்திலும் நகரத்திலும் புட்டு, கடலைக் கறி, ஆப்பம், பரோட்டா எல்லாம் ஒருவருக்கு நூறு ரூபாய்க்குள் முடியும். பகலில் ‘ஊண்’ என்று பலகை வைத்த கடையில் மீன் குழம்போடு சாப்பாடு கிடைக்கும். சிவந்த குத்தரிசிச் சோறுதான் வரும். வெள்ளைச் சோறு வேண்டுமென்றால் இலை போடுமுன்பே சொல்லுங்கள். கேரளத்தின் மகளிர் குழு அமைப்பான குடும்பஸ்ரீயின் பெண்கள் நடத்தும் ஜனகீய உணவகம் எங்காவது கண்ணில் பட்டால் தயங்காமல் நுழையுங்கள். மிகக் குறைந்த விலையில் வீட்டுச் சாப்பாடு போன்றது கிடைக்கும்.

மாலையில் உணவகங்களின் வாசலில் ஐஸ் கட்டி மீது வஞ்சிரம், வாவல், இறால், கணவாய் என்று பரப்பி வைத்திருப்பார்கள். பையன் ஒரு மீனைத் தூக்கிக் காட்டி, “அறுநூறு” என்பான். அது கிலோவுக்கா, அந்த மீனுக்கா, சமைத்துத் தருவதற்கும் சேர்த்தா என்று மூன்றையும் கேட்காமல் தலையசைத்தால் பில்லில் இரு மடங்கு வரும். உங்கள் கண்முன் நிறுத்துப் போட்டு, மொத்த விலையைச் சொல்லச் சொல்லுங்கள்.

9. கடலில் இறங்குவது

வர்க்கலாக் கடல் பார்க்க அமைதியாக இருக்கும் நாளிலும் உள்ளிழுக்கும் நீரோட்டம் கொண்டது. கரையில் உயிர்காப்போர் நிற்பார்கள். சிவப்புக் கொடி நட்ட இடத்தில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், விசில் அடித்தால் உடனே கரையேறுங்கள். அவர்கள் போன பிறகு, இருட்டிய பிறகு, கருமணல் கடற்கரை போன்ற ஆளில்லாத இடங்களில் இறங்கவே வேண்டாம். 2024 மார்ச்சில் இங்கே பாபநாசத்தில் மிதவைப் பாலத்தின் கைப்பிடி அலையில் உடைந்து சுற்றுலா வந்தவர்கள் பலர் காயமடைந்தார்கள். பாதுகாப்பு உடை அணிவித்துத்தான் அவர்களை ஏற்றியிருந்தார்கள். நீந்தத் தெரியும் என்ற நம்பிக்கையில் ஒருவர் உள்ளே போக, மற்றவர் கரையில் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

குன்றின் அடியில், நிழலாக இருக்கிறதென்று பாறையை ஒட்டி உட்கார வேண்டாம். மழை பெய்த பிறகு மேலிருந்து மண்ணும் கல்லும் விழும். மேலே நடக்கும்போதும் விளிம்பில் எல்லா இடத்திலும் தடுப்பு இல்லை. இரவில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள், படிகளில் செங்குத்தாக இறங்கும் இடங்கள் உண்டு.

மணலில் பை, செருப்பு, கைப்பேசி எல்லாவற்றையும் வைத்துவிட்டு இருவரும் ஒரே நேரத்தில் கடலில் இறங்காதீர்கள். யாராவது தொந்தரவு கொடுத்தால் 112. கேரளத்தில் பெண்களுக்கான பிங்க் போலீஸ் எண் 1515.

10. ஸ்கூட்டர் வேண்டுமா

குன்றையும் கடற்கரையையும் நடந்தே பார்த்துவிடலாம். வடக்கே உப்பங்கழியும் கடலும் அருகருகே கிடக்கும் காப்பில், தெற்கே அஞ்சுதெங்கு கோட்டை இரண்டையும் பார்க்க ஒரு நாள் ஸ்கூட்டர் எடுத்தால் போதும். நாள் வாடகை 400, 500 ரூபாய், பெட்ரோல் தனி. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து உள்ள வண்டியை மட்டுமே எடுங்கள். வெள்ளைப் பலகை என்றால் அது சொந்தப் பயன்பாட்டுக்கான வண்டி, விபத்து நடந்தால் காப்பீடு கைகொடுக்காது. உரிமத்தைக் காட்டலாம், அசல் ஆதாரை ஈடாகக் கேட்டால் கொடுக்காமல் பணமாக வைப்புத் தொகை கொடுங்கள். வண்டியைச் சுற்றிலும் காணொளி எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம். கேரளச் சாலைகளில் 2023 ஜூன் முதல் கேமராக்களே அபராதம் விதிக்கின்றன, அது ஊர் திரும்பிய பிறகு கடைக்காரர் வழியாக உங்களைத் தேடி வரும்.

ஜனார்த்தன சுவாமி கோயிலுக்குப் போவதென்றால் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். வேட்டி ஒன்று பையில் இருக்கட்டும். கடலில் நனைந்த உடையோடு போகாதீர்கள். உச்சிப் பொழுதில் நடை சாத்தியிருக்கும்.

11. மொத்தக் கணக்கு

சென்னையிலிருந்து இருவருக்குப் போக வர ரயில் 2,000. மூன்று இரவுக்கு நாளொன்றுக்கு 1,200 வீதம் அறை 3,600. சாப்பாடு நாளொன்றுக்கு 900 வீதம் 2,700. ஆட்டோவும் ஒரு நாள் ஸ்கூட்டரும் சேர்த்து 1,000. ஆக 9,300 ரூபாய். இதன் மேல் 1,500 ரூபாயைத் தனியாக, ரொக்கமாக, வேறொரு பையில் வைத்துக்கொள்ளுங்கள். யுபிஐ எல்லா இடத்திலும் உண்டு என்றாலும் சிக்னல் எல்லா இடத்திலும் இல்லை. தென் மாவட்டங்களிலிருந்து போகிறவர்களுக்கு ரயில் செலவில் பாதிக்கு மேல் மிச்சமாகும்; அதை ஏசி அறைக்குச் செலவிடலாம்.

12. கிளம்பும் நாளில்

அறையை முன்பகலில் காலி செய்துவிட்டு வண்டி மாலையில் என்றால், பைகளை விடுதியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், ஆனால் முந்தைய நாளே கேட்டுவிட வேண்டும். பதிவின்போது அனுப்பிய முன்பணம் கடைசி பில்லில் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வேறொருவர் கல்லாவில் இருந்தால் இது விடுபட்டுவிடும், அப்போது வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினால் போதும். குன்றிலிருந்து மாலையில் ஆட்டோ கிடைக்கத் தாமதமாகும், சூரியன் மறைந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். ஆகவே வண்டி நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே அறையை விட்டுப் புறப்படுங்கள். நிலையத்தில் உங்கள் பெட்டி எந்த இடத்தில் நிற்கும் என்பதைக் கேட்டு, அதற்கு நேரே போய் நில்லுங்கள். நிற்கும் ஓரிரு நிமிடத்தில் பைகளோடு பெட்டி தேடி ஓட முடியாது.